இரவில் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வருமா? தண்டுவடக் காயமடைந்தோருக்கான பெருந்தொற்றுக் கால வழிகாட்டி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த மறுவாழ்வுப் பிரிவில் அப்போது கழுத்துத் தண்டுவடம் காயப்பட்டு ஏழு வாரமே ஆன இளைஞர் ஒருவர் இருந்தார். தொலைக்காட்சிச் செய்தி முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இரவில் என்னைத் திருப்பிப் படுக்கவைக்க நாளைக்கு ஆள் வருமா?”

“தைரியமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு யாரும் நகர்ந்திருக்கலாம். அன்று பணியிலிருந்த செவிலியர் ஒரு தாளை எடுத்தார். இரவு 10, 12, 2, 4, 6 என்று மணிகளை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு மணிக்கு நேரேயும் யார் வருவார், அவர் வராவிட்டால் வேறு யார் என்று இரண்டு பெயர்களை எழுதி, அந்த இளைஞர் படுத்தபடியே பார்க்கும் உயரத்தில் சுவரில் ஒட்டினார். பல நாட்களாகக் கண்ணை மூடாமல் கிடந்தவர், அன்றிரவு திருப்பும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தூங்கினார்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளிலிருந்து பிறந்தது. தண்டுவடம் காயப்பட்டவருக்குத் தொற்று பற்றிய பயம் பெரும்பாலும் நியாயமானது. ஆறுதல் வார்த்தை அதைத் தொடுவதில்லை, ஏற்பாடு தொடும். ஆகவே நோய்த் தடுப்பையும் மனநலத்தையும் இங்கே பிரித்து வைக்கவில்லை. காயம் புதிதாக ஏற்பட்டவர்களும், அவர்களோடு இருக்கும் குடும்பத்தினரும் வரிசையாகப் படித்து ஒவ்வொரு படியாகச் செய்யலாம்.

முதல் படி: காயம் எந்த மட்டத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

மருத்துவ அறிக்கையில் சி5, டி4, எல்1 என்பது போல ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். சி என்பது கழுத்து, டி என்பது மார்பு, எல் என்பது கீழ்முதுகு. தொற்றைப் பொறுத்தவரை இதில் இரண்டு எல்லைக்கோடுகள் முக்கியம்.

ஒன்று மூச்சு. மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சி3, சி4, சி5 மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. அதற்குக் கீழே காயம் என்றால் மூச்சை உள்ளே இழுக்க முடியும். ஆனால் இருமுவதற்கு வேண்டிய விலா இடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் மார்பு மட்ட நரம்புகளை நம்பியிருப்பவை. அதனால் கழுத்திலோ மேல் மார்பிலோ காயமுள்ளவரால் சளியை வேகமாக வெளியே தள்ள முடியாது. சாதாரணச் சளியும் அவருக்கு நிமோனியாவாக மாறிவிடக்கூடும்.

இன்னொன்று டி6. அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் என்றால் ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் சீராக வைக்கும் ஏற்பாடு குலைகிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கீழ்முதுகில் காயமுள்ளவருக்கு இந்த இரண்டு அபாயங்களும் குறைவு. தன் மட்டம் என்னவென்றே தெரியாமல், கேள்விப்பட்ட எல்லா ஆபத்தும் தனக்கே என்று நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் எழுத்தையும் எண்ணையும் தெரிந்துகொள்வதே பாதி பயத்தைக் குறைக்கும்.

இரண்டாம் படி: நன்றாக இருக்கும்போதே உங்கள் அளவுகளைக் குறித்து வையுங்கள்

காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று அறிவிப்புகளில் சொல்லப்படும் அறிகுறிகள் உணர்வும் இயக்கமும் முழுதாக உள்ள உடலுக்காகச் சொல்லப்பட்டவை. உங்கள் உடல் வேறு மொழியில் பேசும். இருமத் தசை வலு இல்லாதவரின் இருமல் தொண்டையைச் செருமுவது போலத்தான் கேட்கும். மேல்மட்டக் காயத்தில் தொற்று இருந்தும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். காயத்துக்குக் கீழே வியர்க்காததால், அறை வெக்கையிலேயே உடல் சுடவும் செய்யலாம். சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலாக வரலாம்.

எனவே ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கழுத்துக் காயமுள்ள பலருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90 முதல் 110 வரைதான் வழக்கமாக இருக்கும். மற்றவர்களுக்கு 130 சாதாரணம். உங்களுக்கு அது அபாய மணியாக இருக்கலாம். உங்கள் வழக்கமான அளவைத் தாளில் காட்டினால்தான் அவசரப் பிரிவு மருத்துவருக்கு இது புரியும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பயன்படுத்தும் முன் கையைச் சூடாக்குங்கள். சில்லிட்ட விரல் தவறான எண்ணைக் காட்டும். ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருத்துவரை அழையுங்கள். 90க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். உங்கள் வழக்கமான அளவே குறைவு என்றால், எந்த எண்ணில் அழைக்கவேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. நன்றாக மூச்சை இழுத்து, சாதாரணக் குரலில், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எதில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் இருந்தபடி எண்ணவேண்டும். வழக்கமாக 18 வரை எண்ணுபவர் திடீரென்று 11இல் நின்றால் அது சேதி. தசை இறுக்கம் காரணமின்றிக் கூடுவது, காயத்துக்கு மேலே வியர்ப்பது, பசி போவது, பேச்சு துண்டு துண்டாக வருவது ஆகியவையும் அப்படித்தான்.

கழுத்துக் காயமுள்ள பலருக்கு நிமிர்ந்து உட்காருவதைவிட மல்லாந்து படுக்கும்போதுதான் மூச்சு விடுவது எளிது. மூச்சுத்திணறல் என்றதும் தலையணை வைத்து உட்காரவைப்பது எல்லோருடைய வழக்கம். உங்களுக்கு எது எளிது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். உட்காரும்போது வயிற்றுப் பட்டை கட்டினால் மூச்சு விடுவது எளிதாகுமா என்றும் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: கை, சக்கரம், முகக்கவசம், தடுப்பூசி

வெளியே போய்வந்ததும் சக்கரத்தைத் தள்ளக் கையால் பிடிக்கும் வளையத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்துப்போகும். அந்த வளையத்தைத் தொட்ட கைதான் முகத்துக்கும் போகிறது, சிறுநீர் எடுக்கும் குழாயான கத்தீட்டருக்கும் போகிறது. இதில் வரிசை முக்கியம்: முதலில் வளையம், பிரேக், கைப்பிடி ஆகியவற்றைத் துடைக்கவேண்டும், மின்சார நாற்காலி என்றால் இயக்கும் குச்சியையும் சேர்த்து. பிறகுதான் கையை சோப்புப் போட்டு 20 வினாடி கழுவவேண்டும். முதலில் கையைக் கழுவிவிட்டு, உடனே அதே வளையத்தைப் பிடித்து நகர்ந்தால் கழுவியது வீண். சானிடைசர் என்றால் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளதாகப் பாருங்கள்.

விரல்கள் மடங்கியே இருப்பவர்களுக்கு உள்ளங்கையும் விரலிடுக்கும் கழுவப்படாமலே போய்விடும். மணிக்கட்டை மெல்லக் கீழ்ப்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகவே தளரும். வலிந்து பிரிக்கவேண்டாம். கழுவியபின் ஈரம் தங்காமல் துடைக்கவும்.

முகக்கவசத்தைத் தானே கழற்ற முடியாதவர் தனியாக இருக்கும்போது அதை அணியக் கூடாது. அவருக்காகப் பராமரிப்பவர் அணிவதே சரி. மூக்கும் வாயும் மூடும்படி, அருகில் வேலை செய்யும் நேரம் முழுவதும் அணியவேண்டும்.

ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, கோவிட் தடுப்பூசி ஆகியவற்றில் உங்களுக்கு எவை, எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். தண்டுவடக் காயம் என்ற ஒரே காரணத்தால் இவற்றைத் தவிர்க்கவேண்டியதில்லை. ஊசி போட்ட தோள் ஓரிரு நாள் வலிக்கலாம், தசை இறுக்கமும் கூடலாம். கையை ஊன்றிக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாறுகிறவர் அந்த இரண்டு நாட்களுக்குத் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு ஊசிக்குப் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இருமும்போது வயிற்றில் கைவைத்து அழுத்தி உதவும் முறையைப் பராமரிப்பவர் ஒருவராவது பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்து பழகியிருக்கவேண்டும். படித்துவிட்டுச் செய்யக்கூடியதில்லை அது. விலா எலும்பு முறிவோ வயிற்று அறுவை சிகிச்சையோ இருந்தால் மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

நான்காம் படி: பொருளும் மருந்தும் ஆளும்

ஊரடங்கின் முதல் வாரத்தில் ஒரு தாய் தன் மகனின் கத்தீட்டர் பொட்டலங்களைக் கட்டிலில் பரப்பி எண்ணியதைப் பார்த்தேன். பதினொன்று இருந்தது. நான்கு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு வேண்டும். அப்படியானால் பதினொன்று இரண்டு நாளைக்குத்தான். “ஒரு டப்பா நிறைய இருக்கிறதே என்று நினைத்தேன்” என்றார் அவர். கண் அளவை நம்பாதீர்கள், எண்ணுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை என்றால் ஒரு மாதத்துக்கு 120 முதல் 180 வரை தேவைப்படும். கையுறை, சிறுநீர்ப் பை, மலம் கழிக்க உதவும் மருந்து ஆகியவற்றையும் இப்படியே கணக்கிட்டு, கைவசம் எப்போதும் இரண்டு வாரத்துக்காவது இருக்கும்படி வாங்கி வையுங்கள்.

தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது இருப்பதாகத் தெரிவது வரை போகும். உடலுக்குள் பொருத்திய பம்ப் மூலம் தண்டுவடப் பகுதிக்கே அந்த மருந்தைப் பெறுகிறவர் மறுநிரப்பும் தேதியைத் தவறவிடுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு மூடியிருந்தாலும் இது அவசரச் சிகிச்சைதான் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது தோல். வீட்டோடு அடைந்து கிடக்கும் காலத்தில் படுக்கைப் புண் சத்தமின்றி வரும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பியோ சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைப்பது, காலையும் இரவும் கைக்கண்ணாடியிலோ செல்பேசி கேமராவிலோ பிட்டத்தையும் குதிகாலையும் பார்ப்பது ஆகிய மூன்றையும் விடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைத் திருப்பவைத்தார். அதுவரை பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே இறந்துகொண்டிருந்தார்கள். அந்த எளிய ஒழுங்குக்கு இன்றும் மாற்று இல்லை.

ஆள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. உங்களைப் பார்த்துக்கொள்பவருக்கே தொற்று வந்தால் யார் வருவார்? இரண்டு பேரை இப்போதே கேட்டுவையுங்கள். அவர்களில் ஒருவராவது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் கத்தீட்டர் வேலையையும் ஒருமுறை செய்துபார்த்திருக்கவேண்டும்.

ஐந்தாம் படி: மருத்துவமனைக்கு எடுத்துப்போக ஒரு பக்கத் தாள்

பெருந்தொற்றுக் காலத்தில் உடனிருப்பவரை உள்ளே விடாமல் போகலாம். அப்போது உங்களுக்காகப் பேசப்போவது இந்தத் தாள்தான். இவை இருக்கட்டும்:

- காயத்தின் மட்டம், ஏற்பட்ட மாதம், ஆண்டு
- வழக்கமான ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, ஒரே மூச்சில் எண்ணும் எண்
- மருந்துகள், வேளை, நிறுத்தக் கூடாத மருந்து எது என்பது
- சிறுநீர், மலம் கழிக்கும் முறையும் நேரமும்
- திருப்பும் நேரம், தற்போது புண் இருக்கும் இடம்
- “எனக்கு உடனிருக்கும் ஆள் தேவை, அவர் பார்வையாளர் அல்லர், என் கைகால் வேலையைச் செய்பவர்” என்ற வாசகம், மருத்துவர் கையொப்பத்துடன்

டி6 அல்லது அதற்கு மேலே காயமுள்ளவர்கள் இன்னொரு பத்தி சேர்க்கவேண்டும். அது, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும் அபாய நிலை பற்றியது. மருத்துவர்கள் அதை ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். காயத்துக்குக் கீழே ஏதோ உறுத்தும்போது, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை அல்லது மடங்கிய குழாய், சில நேரம் கட்டிய மலம், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, காயத்துக்கு மேலே வியர்வை ஆகியவை தெரியும். வழக்கத்தைவிட மேல் அளவு 20 முதல் 40 வரை ஏறினாலே எச்சரிக்கை. மூக்கடைப்பையும் தலைவலியையும் பார்த்துச் சளிக் காய்ச்சல் என்று தவறாக நினைக்க இங்கே நிறைய வாய்ப்பு உண்டு. செய்யவேண்டியது: உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள், பிறகு மலக்குடலையும் தோலையும் பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் அவசர உதவியை அழையுங்கள். மூச்சுக்குப் படுப்பது எளிது என்று மேலே சொன்னேன். இந்த நிலைமையில் மட்டும் உட்காரவே வேண்டும்.

ஆறாம் படி: செய்திக்கு நேரம் குறியுங்கள்

படுக்கையில் இருப்பவருக்குச் செல்பேசிதான் சன்னல். அதனாலேயே தவறான தகவல் அவரிடம் அதிக நேரம் தங்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம் போதும். சுகாதாரத் துறை, உலக சுகாதார நிறுவனம், உங்கள் மருத்துவர் ஆகிய மூன்று வாயில்களை மட்டும் திறந்து வையுங்கள். படுக்கப்போகும் முன் வேண்டாம். இறப்பு எண்ணிக்கையைப் பார்ப்பதால் நாளை நீங்கள் செய்யவேண்டிய எந்த வேலையும் மாறப்போவதில்லை. கட்டுப்பாடு மாறியதா, மருந்துக்கடை திறந்திருக்கிறதா என்பது மாற்றும். அதைத் தேடிப் படியுங்கள்.

ஏழாம் படி: மனத்தைத் தனியே கவனியுங்கள்

கோவிட்-19 பரவிய முதல் ஆண்டில் உலகளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. தண்டுவடக் காயமடைந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவு மனச்சோர்வின் அடையாளங்கள் இருப்பதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணை மறுபக்கமும் படிக்கவேண்டும்: பெரும்பாலானோருக்கு அது இல்லை. “இப்படி ஆனவருக்கு மனச்சோர்வு வராமல் இருக்குமா” என்று உறவினர்கள் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுதான் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. துக்கம் இயல்பு. மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையால் குறையக்கூடியது.

இரண்டுக்கும் வேறுபாடு எப்படித் தெரியும்? துக்கம் அலை போல வரும், போகும். நடுவில் ஒரு பேத்தியின் குறும்புக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த நடுவெளி மறைந்துவிடுகிறது. உங்களையே இரண்டு கேள்விகள் கேளுங்கள். கடந்த இரண்டு வாரங்களில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்த நாட்கள் எத்தனை? மனம் இருண்டு, இனி எதுவும் இல்லை என்று தோன்றிய நாட்கள் எத்தனை? ஏதாவது ஒன்றுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் என்று பதில் வந்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லவேண்டிய நேரம் அது. தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை ஆகியவற்றைக் காயமே கூட உண்டாக்கும் என்பதால், இந்த இரண்டு கேள்விகளை நான் அதிகம் நம்புகிறேன்.

ஒவ்வொரு நாளையும் நடத்துவது எப்படி என்பதில் என் அனுபவம் இது: மனம் தெளிந்தபின் எழலாம் என்று காத்திருந்தவர்களைவிட, எழுந்தபின் மனம் சற்றுத் தெளிந்தவர்களே அதிகம். எழும் நேரம், உடை மாற்றும் நேரம், பயிற்சி நேரம் ஆகிய மூன்றை மட்டும் நிலையாக வையுங்கள். பகலில் ஒன்றையாவது நீங்களே முடிவு செய்யுங்கள். எந்தச் சட்டை, முதலில் எந்தப் பக்கம் திரும்புவது, யாரிடம் பேசுவது என்று எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் பிறர் செய்யும் உடலில், முடிவெடுப்பது ஒன்றாவது உங்கள் கையில் இருக்கட்டும். குடும்பத்தினரே, நேரம் மிச்சமாகும் என்று இதைப் பறித்துக்கொள்ளாதீர்கள்.

காயம்பட்டுச் சில ஆண்டுகள் கடந்த ஒருவரோடு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்யுமாறு மறுவாழ்வுப் பிரிவிடம் கேளுங்கள். என்னால் நூறு முறை சொல்லியும் புரியவைக்க முடியாததை, சக்கர நாற்காலியில் இருப்பவர் பத்து நிமிடத்தில் புரியவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து என்று வந்தால் இரண்டு எச்சரிக்கை. தூக்க மாத்திரை சில மூச்சைத் தாழ்த்தும். கழுத்துக் காயமுள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லையும் அதிகம். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் சிறுநீர் கழிப்பதையும் மலம் போவதையும் பாதிக்கும். காயத்தின் மட்டத்தை மனநல மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி” என்பது போல ஒருவர் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல வழி கிடைக்காமல் தவித்தவருக்கு ஒரு கதவு திறக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரை இருப்பைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், அன்றே மருத்துவரையோ அவசர உதவி எண்ணையோ அழையுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றினால், இப்போதே அருகில் இருப்பவரை அழைத்து இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எட்டாம் படி: உடனிருப்பவரின் தூக்கம்

இரண்டு மணிக்கொருமுறை திருப்புகிறவரும் இரண்டு மணிக்கொருமுறை விழிக்கிறார். வாரத்தில் இரண்டு இரவுகளாவது வேறொருவர் அந்த வேலையை ஏற்கட்டும். அவருக்கும் மேலே உள்ள அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: தொற்று வந்து போனபின்

தனிமைப்படுத்தல் முடிந்த அன்றே பழைய பயிற்சியைத் தொடங்கவேண்டாம். நாட்கணக்கில் படுத்திருந்தவர் திடீரென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். தலைப்பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, முதல் நாள் சில நிமிடம் மட்டும் உட்காருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ சூடோ தெரிந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல், நீவாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முழுத் தோலையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரே மூச்சில் எண்ணும் சோதனையை மறுபடி தொடங்கித் தினமும் எழுதுங்கள். முதலில் சொன்ன அந்த இளைஞர், செவிலியர் சுவரில் ஒட்டிய தாளின் பின்பக்கத்தில்தான் எழுதினார்: 9, 9, 10, 9, 11. பழைய எண் திரும்பும்வரை மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள். இரண்டு வாரமாகியும் எண் நகராவிட்டால் சிகிச்சையாளரிடம் அந்தத் தாளை எடுத்துப்போங்கள்.